பெட்டியைத் திறந்தது யார்?

எடப்பாடியில் எட்டு விசைத்தறி வைத்திருக்கும் இலக்கியா, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஓரிழை அறுந்தாலும் தறியைச் சட்டென்று நிறுத்திவிடும் சின்னப் பெட்டி ஒன்றைத் தானே செய்திருந்தாள். இரண்டு வருஷ உழைப்பு. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புதிதாகத் தொடங்கிய தொழில்முனைவோர் மையம் கேள்விப்பட்டு அவளை அழைத்தது.

"ஒரு வாரம் இங்கயே விட்டுட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் தர்றோம்" என்றார் மேலாளர் ஆனந்தகுமார். "நம்ம பக்கத்துத் தறி சூரத்தோட போட்டி போடணும்னா இப்படி இன்னும் பத்துப் பேர் வரணும்."

பேச்சு தேனாக இருந்ததுதான் அவளுக்கு உறுத்தியது. தெரிந்தவர் ஒருவர் கண்டுபிடித்த நூல் சுற்றும் கருவி, ஆறே மாதத்தில் வேறொருவர் பெயரில் கடைக்கு வந்ததைப் பார்த்தவள் அவள். ஆனால் சர்டிபிகேட் இல்லாமல் எந்தத் தறிக்காரர் வாங்குவார்? நான்கு திருகாணிகளின் மேலும் துளி நகப்பூச்சு வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் போனபோது நான்கிலும் பூச்சு பிளந்திருந்தது.

"ஏனுங்க சார், இதைய யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கலீங்களே!"

பெட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறினாள். வாசலில் ஒரு பெண் ஓடிவந்து மறித்தாள். அங்கே சோதனை செய்யும் என்ஜினியர் தஹ்சீன்.

"நான்தான் தொறந்தேன்க்கா. சாருக்குத் தெரியாது."

"படம் புடிச்சு யாருக்கு அனுப்புன?"

தஹ்சீன் போனை நீட்டினாள். படத்தில், பெட்டிக்குள் பஞ்சு அடைந்து கிடந்தது. "இப்படியே வித்தா, நூல் அறாமலே தறி நிக்கும். கெடுறது உங்க பேருதான்க்கா."

இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. போன மாதம் இந்தப் பெட்டியை மாட்டிய தறி சும்மா சும்மா நின்றதற்கு, அவளிடம் தறி ஓட்டும் சென்றாயனையல்லவா திட்டித் தீர்த்தாள்!

"சரி. ஆனா கேக்காம தொறந்தது தப்புத்தான?"

"தப்புதான்க்கா."

படங்களைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, தஹ்சீனின் போனில் அழிக்க வைத்தாள். பிறகு இருவருமாக ஆனந்தகுமாரிடம் போனார்கள். "மொதல்ல என் பேருல காப்புரிமைக்கு எழுதுங்க. மத்ததைய அப்புறம் பேசலாமுங்க."

"அதுக்கென்னங்க அவசரம்?"

"எனக்கு அவசரமுங்க."

மாலையில் விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகே நாற்காலியை விட்டு எழுந்தாள்.

பஞ்சைத் தடுக்கத் தஹ்சீன் வரைந்த வலைமூடியோடு இன்று எடப்பாடியில் நாற்பது தறிகளில் அந்தப் பெட்டி ஓடுகிறது. மூடிக்கான விண்ணப்பத்தில் இருவர் பெயரும் உண்டு. ஆனந்தகுமார் அன்று ஏன் இழுத்தடிக்கப் பார்த்தார் என்பது இலக்கியாவுக்கு விளங்கவேயில்லை. அடுத்த கருவிக்கான வரைபடத்தைத் தஹ்சீனிடம் மட்டுமே காட்டியிருக்கிறாள்.