வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

வெயில் மண்டையைப் பிளக்கிற நண்பகலில் மாமனார் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் தையல் மிஷினை மிதித்தபடியே, "மாமா, சாப்பிடலாமா?" என்று கேட்டாள். ஒரு காலரை முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான், "சாப்பி... டலாம்மா" என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலப் பதில் வந்தது.

கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் ஒரே அதட்டலில் எழுப்பிவிட்ட கண்டக்டர் அவர். ஓய்வு பெற்ற பிறகு அதட்டுவதற்கு பஸ் இல்லை, இவள் இருந்தாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில். உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். மகன் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவான். பகல் முழுக்க அந்த வாய்க்கு வாய்த்தவள் இவள்தான். பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. கழுத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள், கட்டி கரைந்தது. அதற்கப்புறம் மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். "அப்பா பழுத்துட்டாரு" என்றான் மகன். இவளுக்கும் கல்யாணமாகி முதல்தடவையாக வீடு ஒரு வீடாக இருந்தது. அது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மாதான் சொன்னார். கதிர்வீச்சில் தைராய்டு சுரப்பியும் சேர்ந்து செத்துவிட்டது, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க, விட்டால் உடம்பில் ஒவ்வொன்றாக நின்றுபோகும் என்று. இரண்டே மாதத்தில் பழைய குரல் திரும்பியது. தட்டும் பறந்தது.

ஒருநாள் காலை அவள் உண்மையாகவே மறந்துவிட்டாள். மறுநாள் மறக்கவில்லை. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி, கழுவுதொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். மற்ற மாத்திரைகளை மட்டும் கொடுத்தாள். அவர் கேட்கவில்லை. கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். சில வாரங்களில் அதட்டல் தேய்ந்தது. ஒரு மத்தியானம், "கை வலிக்கலையாம்மா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். எத்தனையோ திங்கட்கிழமை போய்விட்டது.

இப்போது சாப்பாட்டுத் தட்டோடு வந்து அவர் கையைத் தொட்டாள். அந்த வெயிலிலும் கை சில்லிட்டிருந்தது. இமைகள் வீங்கி, தலை சாய்ந்திருந்தது. மூன்று முறை கூப்பிட்டாள். "மாமா!" என்று கத்தினாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தடவை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சூடேற்றி, மூன்றாம் நாள்தான் அவருக்கு நினைவு நன்றாகத் தெளிந்தது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"மாத்திரை தினமும் குடுத்தீங்களா?"

"ஒரு நாள் தவறினதில்ல டாக்டர்" என்று புருஷன் முந்திக்கொண்டான். "எல்லாம் இவதான். பெத்த மக மாதிரி பாத்துக்கறா."

"ஒழுங்கா சாப்பிட்டும் இப்படின்னா சும்மா விட முடியாது. கழுத்தை ஸ்கேன் பண்ணணும். பழைய கட்டி திரும்பியிருக்கலாம், சதை எடுத்துப் பாக்க வேண்டியும் வரலாம்."

சொன்னால் அவளுக்கு வீடு இல்லை. சொல்லாவிட்டால் அந்தக் கழுத்தை வீணாகக் குடைவார்கள். "டாக்டர்..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றார் மாமனார் கட்டிலிலிருந்து. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "முழுங்கல. துப்பிட்டேன்."

"என்னப்பா நீங்க! சின்னப் புள்ளயா?" மகன் கத்தினான். டாக்டரம்மாவும் தன் பங்குக்குத் திட்டினார். கிழவர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கம்தான்.

"இனிமே நீங்களே வாயில போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாக்கணும்மா" என்று நர்ஸ் ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தாள். "இப்பவே ஆரம்பிங்க."

அவள் மாத்திரையோடு குனிந்தாள். அவர் இமைக்காமல் அவளையே பார்த்தபடி வாயைத் திறந்தார்.