நொயேல் தாத்தாவின் நீளக்கை

1

இந்தக் கதை ஒரு சட்டைக் கையிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்கான சிவப்பு அங்கி அது. அதன் கை, போட்டுக்கொள்பவரின் விரல் நுனியைத் தாண்டி ஒரு சாண் தொங்கும். தச்சருக்கு அது இடைஞ்சல், வலை பின்னுகிறவருக்கும் இடைஞ்சல். அப்படியொரு கையைக் கண்டு சந்தோஷப்படக்கூடியவர் யார் என்று யோசித்தேன். மாட்டுத் தரகர் வந்து நின்றார்.

ஏனென்று விளக்குகிறேன். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரல் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உதறினால் விலை கட்டாது. உள்ளங்கையை அழுத்தினால் பேச்சு முடிந்தது.* சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது.

* அழுத்திய பிறகு மாற்றிப் பேசுகிறவனுக்கு அடுத்த சந்தையில் எவனும் கை நீட்டமாட்டான்.

2

முதல் தொடக்கம்: எட்டு மான்கள் இழுத்து வந்த வண்டி கருக்களாச்சேரிக் கடற்கரை மணலில் புதைந்து

(வேண்டாம். வண்டியைத் தூக்க ஆள் சேர்ப்பதிலேயே கதை முடிந்துவிடும்.)

இரண்டாவது: 1954 டிசம்பர். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கன்னியர் பள்ளியில் வருடா வருடம் நொயேல் தாத்தாவாக (கிறிஸ்துமஸுக்குப் பிரெஞ்சில் நொயேல்) வந்த துரையும் கப்பலேறிவிட்டார். அங்கியும் பஞ்சுத் தாடியும் மிச்சம். அங்கியை நிரப்ப ஒரு தொந்தி வேண்டும். ஊரெல்லாம் தேடிய சிஸ்டர் செலின், பள்ளிக்கூடத்துப் பசுவைப் பார்க்க வந்த தரகர் பஞ்சநாதனின் வயிற்றில் கண்ணை நிறுத்தினார்.

பஞ்சநாதன் மறுத்திருப்பார். ஆனால் அவர் மகள் அல்லி அங்கேதான் ஒன்றாம் வகுப்பு படித்தாள். அவள் வளர்த்த செவலைக் கன்றை ஐப்பசியில் அவளிடம் சொல்லாமலேயே விற்றுவிட்டார். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று எல்லாம் தாய் வழியாகத்தான். நொயேல் தாத்தாவிடம் ஒவ்வொரு பிள்ளையும் வேண்டியதைச் சொல்லும் என்று சிஸ்டர் சொன்னதும் பஞ்சநாதன் ஒப்புக்கொண்டார். மகள் வாயிலிருந்து ஒரு சொல் கிடைக்கும். தாடியைப் பார்த்துச் சொன்னதானாலும் போதும்.

3

சிஸ்டர் நடத்திய பாடம் ஒரு வாழ்த்து அட்டையில் ஆரம்பித்தது.

"இது என்னங்க, மானா?"

"ஆமா. எட்டு மான் இழுக்குது."

"எத்தனை பல்லு?"

"பல்லா?"

"பல்லப் பாக்காம வயசு எப்படித் தாயே தெரியும்? முன்னால நிக்கிறது கிழடு. கால் வச்சிருக்க லட்சணத்தப் பாருங்க."

"பஞ்சநாதன், நீங்க மான் வாங்கப் போறதில்ல. சிரிக்கணும், அவ்வளவுதான். வயித்துலேருந்து. ஹோ, ஹோ."

"ஹோ, ஹோ" என்றார் பஞ்சநாதன். தெருவில் போய்க்கொண்டிருந்த வண்டி மாடுகள் நின்றுவிட்டன. மாட்டை நிறுத்தும் குரலைத் தவிர வேறு "ஹோ" அவர் தொண்டையில் இல்லை. மூன்றாம் நாள் ஒத்திகையில் பள்ளி வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. வண்டிக்காரர்கள் இறங்கி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

(ஏழு வண்டி அதிகமோ? முதலில் மூன்று என்றுதான் எழுதினேன். ஆனால் சிரிக்க வைக்கிற அவசரத்தில் இந்த மனிதரை நான் கோமாளியாக்கிவிடக்கூடாது. அன்று சாயங்காலம் அவர் காலிக் கொட்டிலில் நின்று, "என்ன வேணும் பாப்பா?" என்று குரல் மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.)

4

விழா நாளில் முதலில் வந்தவள் கமருன்னிசா. பஞ்சநாதனின் கட்டைவிரல் தானாகவே போய் அவள் உதட்டைத் தூக்கியது.

"பால் பல்லு ரெண்டு விழுந்திருக்கு. ஆறு முடிஞ்சுது."

"தாத்தாவுக்கு என் வயசு தெரியுது" என்றாள் அவள், வரிசையைத் திரும்பிப் பார்த்து.

அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். சிஸ்டர் செலின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அல்லி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன வேணும் பாப்பா?"

கையை மட்டும் நீட்டினாள். சிவப்பு அங்கியின் கை அவள் கையை முழுக்க மூடிக்கொண்டது. உள்ளே, இருபது வருடப் பழக்கத்தில், அவர் அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் செய்த தவறு உறைத்தது. அப்பாவின் துண்டுக்குள் கை விட்டு விளையாடி வளர்ந்தவள் அவள். ஊரில் எந்தத் தாத்தாவும் அப்படி விரல் பிடிப்பதில்லை.

5

முடிவு அ: அவளும் ஒரு விரலைப் பிடித்தாள். ஒரு கன்று. அவர் உள்ளங்கையை அழுத்தினார். மறுநாளே கன்றைத் தேடி நாகூருக்கு

முடிவு ஆ: உதறினாள். கட்டாது.

முடிவு இ: "அப்பா" என்று

(அடித்துவிட்டேன். நாற்பது பேர் நடுவில் அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள். தரகர் மகள்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தச் சட்டைக் கை வெகுநேரம் அசைந்தது. ஒருமுறை வெடுக்கென்று ஆடியது. பிறகு நின்றது. தாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது. அல்லி எம்பி அதைத் திரும்ப மாட்டிவிட்டு, பரிசு ரப்பர் பந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

"என்ன கேட்டா உங்க பொண்ணு?" என்றார் சிஸ்டர்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளியில சொல்றதில்லீங்க தாயே."

என்னிடமும் அவர் சொல்லவில்லை. எழுதியவன் நான்தான் என்றாலும் நானும் சுற்றி நின்ற நூறு பேரில் ஒருவன்.

ஆகவே இந்தத் தாளையே துண்டாக வைத்துக்கொள்வோம். கையை உள்ளே விடுங்கள். உங்கள் ஒரு விரலைப் பிடித்திருக்கிறேன். கதை கட்டாதென்றால் உதறலாம், கட்டுமென்றால் அழுத்தலாம். அழுத்திவிட்டால் பிறகு மாற்றிப் பேசக்கூடாது.