நூற்றுப் பத்துப் பாகை

...திறக்கக் கூடாது, ஒருமுறை திறந்தால் கால் மணித்தியாலச் சூடு வீணாய்ப் போய்விடும், அப்படித்தானே ஞானரட்ணம் அண்ணை சொன்னவர், ஆகையால் றோசலின் மின்னடுப்பின் கண்ணாடிக்கு முன்னே கதிரையைப் போட்டுக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து அசையாமல் இருந்தாள், இப்போது மூன்றாகப் போகிறது, இடையில் இரண்டு தடவை கழிவறைக்குப் போனதைத் தவிர, தபால்பெட்டியைப் பார்க்கக்கூட அவள் படி இறங்கவில்லை. உள்ளே மூடிபோட்ட இரும்புச் சட்டியில் இரண்டு கிலோ பன்றித் தோளிறைச்சி, மேலே கொழுப்புப் படை, நடுவே கத்திக்கு மசியாத நார்கள், எவரும் விரும்பி வாங்காத பாகம். நேற்று கணவர் பேனாட் அதைக் கடைப்பையிலிருந்து எடுத்து மேசையில் தொப்பென்று வைத்தார். “மலிவாப் போட்டுக்கிடந்தது, றோசலின். நாளைக்கு அண்ணையின்ரை மகளும் வருகுது. அண்டைக்குச் செய்தமாதிரியே செய்யன்.” அன்றைக்குச் செய்தமாதிரி... முப்பது ஆண்டுகள் கூடவாழ்ந்த மனிதருக்கு அன்று என்ன நடந்ததென்று தெரியாது, தெரியாதபடி அவள்தான் வைத்திருந்தாள், முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால்... ஆகவே அவள் உப்பையும் மிளகையும் பெருஞ்சீரகத்தையும் இடித்து இறைச்சியில் கைகளாலேயே தேய்த்து, வறுத்த தூளைத் தூவி, வினாகிரி தெளித்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிட்டாள்.

ஞானரட்ணம் அண்ணை இருபத்திரண்டு வருடங்கள் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவர், மன்னார்க்காரர், மனைவி இறந்தபின் டென்மார்க்கின் விபோர்க்கில் ஈரறை வீடொன்றில் தனியே இருந்தவர், பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது, ஆயினும் நாக்கு விழவில்லை. றோசலின் வேலைசெய்யும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனம், தமிழ் தெரிந்தவள் என்பதற்காக அவளை அவரிடம் அனுப்பியது, நாள்தோறும் ஒரு மணிக்கு, நாற்பத்தைந்து நிமிடங்கள். உணவைச் சூடாக்குவது, மாத்திரை கொடுப்பது, காலுறை மாற்றுவது, எஞ்சிய நேரம் கதை. எத்தனை கதை! “நீங்கள் பெண்டுகள் பண்டியைச் சமைக்கிறியளோ, இல்லை அதோடை அடிபடுறியளோ? துண்டு துண்டா வெட்டி, பெரிய நெருப்பிலை போட்டு, அது பயத்திலை இறுகிப்போகுது.” அவர் சிரிக்கும்போது வாயின் ஒரு பக்கம் மட்டுமே உயரும். “தோளை முழுசா வை. நூற்றுப் பத்துப் பாகை. ஒன்பது மணித்தியாலம். அந்த நார் இருக்கெல்லே, கெட்டியான நார், அது தானாக் கரைஞ்சு தேனாகும். நீ பக்கத்திலை நிக்கத் தேவையில்லை, வேலைக்குப் போ, கோயிலுக்குப் போ, அது தன்ரை பாட்டிலை வேகும்.” அடுப்பை எரியவிட்டு வேலைக்குப் போவதா, உங்களுக்கு விசரா அண்ணை என்று அவள் கேட்டதும், தொழிற்சாலையில் தன்னோடு நின்ற டேனிஷ்காரர் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், ஒருவருடைய வீடும் எரியவில்லை என்று அவர் சத்தியம் செய்வதுபோல வலக்கையை உயர்த்தியதும்... அந்தக் கை. அந்தக் கை கடைசியாக உயர்ந்தது எதற்காக?

வியாழக்கிழமை. சரியாக முப்பது நாட்களுக்கு முன்பு. அன்று மதியம்வரைதான் வேலை இருந்தது, ஆகவே காலை ஒன்பது மணிக்கு, வாழ்நாளில் முதன்முறையாக, அவள் அடுப்பில் இறைச்சியை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவைப் பூட்டியவள் மீண்டும் திறந்து பார்த்தாள், மாடிப்படியில் பாதி இறங்கியவள் திரும்ப ஏறிப் பார்த்தாள். அவளது பதினெட்டு வயதில், அகதி முகாமில் பக்கத்துக் கொட்டில்காரி மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள், அவள் குடத்தோடு திரும்பி வருமுன் ஆறு கொட்டில்கள் சாம்பலாகிவிட்டன. அன்றிலிருந்து நெருப்பு இருக்கும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது றோசலினுக்கு ஞாயிறு பூசையைப்போல, மீறலாம் என்ற எண்ணமே எழாத ஒன்று. முதல் வீட்டில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டும்போது புகை மணந்தது. புகை எங்கே, சவர்க்கார மணம்தானே... இரண்டாவது வீட்டில் தீயணைப்பு வண்டியின் ஊளை கேட்டது, அது வேறு தெரு, வேறு ஊர், ஆயினும் யன்னலடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு மணிக்கு அண்ணையின் கதவைத் திறந்தபோது அவளது உடல்தான் உள்ளே நுழைந்தது. உணவைச் சூடாக்கினாள், மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், காலுறையை மாற்றவில்லை. அவர் முகம் வெளிறியிருந்ததா? சாம்பல் நிறமாக இருந்ததா, அல்லது யன்னல் வெளிச்சமா? “இண்டைக்கு ஒருமாதிரிக் கிடக்கு, தங்கச்சி. கொஞ்சம் இரன்.” இதை அவர் எல்லா நாளும் சொல்லுவாரே, கொஞ்சம் இரன், கொஞ்சம் இரன், தனிமையில் இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள். “அடுப்பிலை இறைச்சி கிடக்கண்ணை, எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை.” அவர் சிரித்தார், ஒரு பக்கம் மட்டும். “அடி விசரி, செத்த பண்டிக்குக் காவல் இருக்கப் போறியே?” வலக்கை உயர்ந்தது, போ போ என்றா, நில் என்றா... அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள், சரியாகப் பார்க்கவில்லை. பதினொரு நிமிடங்கள்.

வீட்டுக்குப் பறந்து வந்தாள், சிவப்பு விளக்கொன்றைக் கடந்தும்விட்டாள். அடுப்பு, தொலைவில் ஓடும் தண்ணீர்போல மெல்ல இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் சட்டி, சட்டிக்குள் ஒரு குமிழி எழுந்து உடையும் ஓசை. அவ்வளவுதான். எதற்கும் அவள் தேவைப்படவில்லை. அப்போது வந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று உடல் கூசுகிறது, கதிரையில் விழுந்து தனக்குத்தானே சிரித்தாளே, பின்னர் கைபேசியை எடுத்து வேலைப்பதிவில் அழுத்தினாளே: வருகை ஒரு மணி, புறப்பாடு ஒன்றே முக்கால், நிலைமை வழமைபோல். வழமைபோல். ஆறு மணிக்குக் கரண்டியை வைத்ததும் இறைச்சி நூல் நூலாகப் பிரிந்தது, அண்ணை சொன்னதுபோலவே நார் கரைந்து தேனாகியிருந்தது, பேனாட் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார், அவள் இரண்டாம் தடவை எடுத்து வாயில் வைத்த வேளையில் தொலைபேசி. மாலை முறைக்குப் போன பிள்ளை கதவைத் திறந்தபோது அண்ணை கதிரையிலேயே இருந்தாராம். மாரடைப்பாம், மதியத்துக்குப் பிறகு எப்போதோ என்று மருத்துவர் சொன்னாராம். எப்போதோ என்றால் எப்போது? வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாற்பத்தைந்து நிமிடங்கள் அங்கே இருந்திருந்தால்... இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதே இரவு பகலாக அவளோடு கூடவே நடந்தது, குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றது, காரில் பின்னிருக்கையில் இருந்தது.

நாளை முப்பத்தோராம் நாள் திருப்பலி. அண்ணையின் ஒரே மகள் ஸ்ரெபானி டோஸ்ட்ருப் நகரிலிருந்து ஒருநாள் முந்தியே வருகிறாள், “அன்ரி, உங்களோடை தனியாக் கதைக்கவேணும், நீங்கள்தானே அப்பாவைக் கடைசியாப் பாத்தது” என்று தொலைபேசியில் சொன்னாள், அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமலா கேட்கிறாள்? தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று றோசலின் தீர்மானித்திருந்தாள். சொற்களை அடுக்கியும் வைத்திருந்தாள். பிள்ளை, நான் பதினொரு நிமிடந்தான் நிண்டனான். பிள்ளை, பதிஞ்சது பொய். பிள்ளை, கொப்பர் இரன் எண்டு கேட்டவர்... வேலை போகும், போகட்டும், ஊரெல்லாம் பேசும், பேசட்டும், பேனாட்டின் முகம் எப்படி மாறும், மாறட்டும். ஆனால் அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுவாளே, அதை எப்படிப் பார்ப்பது? ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்துச் சட்டியின் மூடியைத் தூக்கினாள், ஆவி முகத்தில் அடித்தது, அதே மணம், வினாகிரியும் பெருஞ்சீரகமும் உருகிய கொழுப்பும், ஒரு மாற்றமும் இல்லை, முள்ளுக்கரண்டியை வைத்ததும் தோள் எதிர்ப்பின்றிப் பிரிந்துகொடுத்தது, அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பேனாட் புகையிரத நிலையத்திலிருந்து ஸ்ரெபானியைக் கூட்டிவந்து வாசலில் விட்டதும், பாண் வாங்க மறந்துபோச்சு என்று மீண்டும் காருக்குப் போய்விட்டார். முப்பது வயதுப் பெண், தகப்பனின் அகன்ற நெற்றி, கையில் சிறிய பயணப்பை. சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். “அப்பா சொன்னவர், றோசலின் அன்ரிக்கு நான் பண்டி சமைக்கப் பழக்கிறன், ஆனா மனுசி பயந்து சாகுது எண்டு.” சிரிக்க முயன்றாள், முகம் கோணியது. கதிரையில் இருந்து, சால்வையைக் கழற்றாமலே, தமிழில் தொடங்கி டேனிஷில் நழுவி மீண்டும் தமிழுக்கு வந்து அவள் சொன்னாள்: அன்று ஒன்று இருபதுக்கு அப்பா அழைத்தார், அப்பா மதியத்தில் ஒருபோதும் அழைப்பதில்லை, பெயரைப் பார்த்தாள், வேலைக் கூட்டத்தில் இருந்தாள், அழைப்பை நிறுத்திவிட்டாள். பிறகு எடுக்கலாம் என்று நினைத்தாள். “ரண்டு கிழமை நான் நித்திரை கொள்ளேல்லை அன்ரி. பிறகு அந்த நிறுவனத்திட்டை அண்டையப் பதிவைக் கேட்டு எடுத்தனான். ஒரு மணியிலையிருந்து ஒண்டே முக்கால் வரைக்கும் நீங்கள் நிண்டிருக்கிறியள். அப்ப அவர் கோல் எடுக்கேக்கை நீங்கள் பக்கத்திலை. அவர் தனிய இல்லை. உதவிக்கு எடுக்கேல்லை, சும்மா பகிடிக்கு எடுத்திருக்கிறார். அதைப் பாத்தபிறகுதான் நான் நித்திரை கொண்டனான்.” பெருங்கண்கள் அவளையே பார்த்தன. “பக்கத்திலை இருந்தனீங்கள்தானே?”

ஒன்று இருபது. அந்நேரம் அவள் சிவப்பு விளக்கைக் கடந்துகொண்டிருந்தாள். அப்படியானால் அவள் போனபின் அவர் மகளைக் கூப்பிட்டிருக்கிறார், மகளும் எடுக்கவில்லை, அந்த அறையில் அவர் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு... றோசலின் மேசையின் விளிம்பைப் பிடித்தாள். தான் எழுதிய பொய்யின்மேல் ஒரு பிள்ளை தலைவைத்து உறங்குகிறது என்பதை, சொற்களை அடுக்கியபோது அவள் நினைத்துப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தத் தலையணையை உருவியெடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் ஞானரட்ணம் அண்ணையின் கடைசி அரைமணி நேரத்தை இந்த உலகில் தான் ஒருத்தி மட்டுமே சுமக்க வேண்டும், இரண்டில் எது சரி, எது இரக்கம், கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஆறுதலாக இருந்து யோசிக்க வேண்டும்... “ஓம் பிள்ளை,” என்றது அவள் வாய், “பக்கத்திலைதான் இருந்தனான்.” ஸ்ரெபானியின் தோள்கள் தளர்ந்தன, அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அமைதியாக அழத் தொடங்கினாள், றோசலினின் கை தானாகப் போய் அந்தத் தலையை வருடியது. ஆனால் அந்தச் சொல் வந்த வேகம்... கேள்வி முடியுமுன்பே அது நாக்கின் நுனியில் காத்திருந்ததே, யோசிக்கத் தொடங்குமுன்பே வெளியே வந்துவிட்டதே. இரக்கம் இத்தனை விரைவாக வருமா?