ஒரு சொல் குறைந்த பக்கம்

விருந்துகளில் லமாரா பேசுவது ஒரே வாக்கியம்தான். "அவங்க சொன்னதுதான் நானும்" என்பாள். கோப்பையைக் காலி செய்து உட்கார்ந்துவிடுவாள். திபிலிசியின் அந்தச் சிறிய எழுத்தாளர் வட்டம் பதினோரு வருடமாக அவளை அப்படித்தான் அறிந்திருந்தது. வார நாட்களில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிறுகளில் கதை. இதுவரை புத்தகம் எதுவும் வரவில்லை.

இப்போது வரப்போகிறது. வட்டத்தில் இருந்த நான்கு பேரின் கதைகளையும் ரஷ்ய மொழியில் தொகுத்து வெளியிட மாஸ்கோவிலிருந்து அர்கடி என்ற பதிப்பாளர் ஒப்பந்தத்தோடு வந்திருந்தார். முதல் பதிப்பு நாற்பதாயிரம் பிரதிகள். முதல் கதை லமாராவுடையது. அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் குராமின் வீட்டு பால்கனியில் மேசை போட்டிருந்தார்கள். விருந்தாளி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அவர் முன்பே கொடுத்திருந்த ஒப்பந்த நகலின் கடைசிப் பக்கத்தை நானுலி சத்தமாக வாசித்தாள். ஆசிரியர் குறிப்புகள். ஒதார்: பிறப்பு தெலாவி, ஜார்ஜியா. குராம்: குத்தாய்சி, ஜார்ஜியா. நானுலி: கோரி, ஜார்ஜியா. லமாரா: சொகுமி. அவ்வளவுதான். நாட்டின் பெயர் இல்லை.

நானுலி தொலைபேசியில் கேட்டதற்கு அர்கடி பணிவாகவே பதில் சொன்னார். போரில் ஜார்ஜியாவின் கையைவிட்டுப் போன சொகுமிப் பகுதியை மாஸ்கோ தனி நாடாகத்தான் கருதுகிறது; வேறு நாடு என்று போடத்தான் அவருக்கு உத்தரவு. எதுவுமே போடாமல் விட்டது அவர் செய்த சலுகையாம்.

"எங்க மூணு பேருக்கும் நாடு இருக்கு. இவ மட்டும் வானத்துலேர்ந்து விழுந்தாளா?" என்றான் குராம்.

ஒதார் அவனை அடக்கினார். எழுபத்துநாலு வயது. ஒரு காலத்தில் அவர் புத்தகங்களை வாங்க ரயில் நிலையங்களில் வரிசை நிற்கும். இன்று ஐந்நூறு பிரதி விற்க மூன்று வருடமாகிறது. எதிர்வீட்டுக்காரருக்கே அவர் எழுதுவது தெரியாது. ஒரு சொல்லுக்காக நாற்பதாயிரம் வாசகர்களை விடுவதா, இலக்கியத்துக்கு எல்லை உண்டா என்று கேட்டார்.

"எல்லை இல்லன்னு எப்பவும் பெரிய வீட்டுக்காரன்தான் சொல்றான், பாத்தோனோ. நம்ம பக்கம் வேலியைத் தள்ளிப் போடறவனும் அவன்தான்." கோபத்திலும் குராம் பெரியவரை பாத்தோனோ, ஐயா, என்றுதான் அழைத்தான்.

நானுலி இரண்டு பக்கமும் பேசினாள். யாரும் படிக்காத தேசத்துக்கு இறையாண்மை இருந்து என்ன என்றாள். பிறகு, இன்று ஒரு சொல் விட்டால் அடுத்த பதிப்பில் எதை விடச் சொல்வார்கள் என்றாள். லமாரா மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. போரின்போது ஒன்பது வயதில் அம்மாவின் கோட்டைப் போர்த்திக்கொண்டு பனிக்கணவாயை நடந்து கடந்து வந்தவள் அவள். அப்பாவின் கல்லறை சொகுமியிலேயே இருக்கிறது. இத்தனை வருடத்தில் போய்ப் பார்க்க முடிந்ததில்லை.

அர்கடி பெரிய பூங்கொத்தோடு வந்தார். நல்ல மனிதர், நன்றாகச் சாப்பிட்டார். கடவுளுக்கு, அமைதிக்கு, இறந்தவர்களுக்கு என்று கோப்பைகள் ஏறி இறங்கின. வழக்கம்போல ஒதார்தான் தமாதா, விருந்தை நடத்துபவர். அவர் எதைச் சொல்லிக் கோப்பை தூக்குகிறாரோ அதை ஒட்டியே எல்லோரும் பேசிக் குடிக்க வேண்டும். ஒரு சுற்று முடியாமல் அடுத்தது தொடங்காது. அவர் யாரிடமாவது பேச்சைக் கொடுத்துவிட்டால், அந்த ஆள் கோப்பையைக் காலி செய்யும்வரை தமாதா உட்பட யாரும் குறுக்கே பேசக் கூடாது.

ஒதார் எழுந்தார். அண்டை வீட்டாருக்கு, பழைய நட்புக்கு, இன்று கையெழுத்தாகப்போகும் புத்தகத்துக்கு என்றார். பிறகு மேசையை ஒருமுறை பார்த்தார். குராமிடம் கொடுத்தால் வம்பு. நானுலி இரண்டு பக்கமும் இழுப்பாள்.

"பேச்சு லமாராவுக்கு" என்றார். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், குடிப்பாள், விஷயம் முடிந்தது.

லமாரா எழுந்தாள். நிறைந்த கோப்பையிலிருந்து ஒயின் மேசைவிரிப்பில் சிந்தியது. அதுவரை மரியாதைக்காக எல்லோரும் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜார்ஜிய மொழியில் தொடங்கினாள். நானுலி விருந்தாளிக்கு மொழிபெயர்த்தாள்.

"எங்க கூடத்துக்குத் தினமும் தண்ணிக் குப்பிங்க வரும். எந்த ஊர், எந்தக் கிணறுன்னு சீட்டு ஒட்டியிருக்கணும். ஒட்டாத குப்பியைத் திருப்பி அனுப்பிடுவோம். உள்ள இருக்கறது நல்ல தண்ணியாவே இருக்கலாம். ஆனா அது எதோட தண்ணின்னு யாரும் சொல்ல முடியாது." நிறுத்தினாள். "நான் சொகுமியில பொறந்தேன். சொகுமி ஜார்ஜியாவுல இருக்கு. அதைப் போட்டா என் கதை இருக்கட்டும். இல்லன்னா எடுத்துடுங்க."

அர்கடி சிரித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானுலி அவர் கையைத் தொட்டாள்.

"அவ இன்னும் குடிக்கல. பேசக் கூடாது."

அவள் குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. ஒதார் வாயைத் திறந்து மூடினார். வழக்கத்தை மீறும் முதல் ஆளாகத் தமாதாவே இருக்க முடியாது. கச்சாபூரி ரொட்டியின் பாலாடைக்கட்டி ஆறி இறுகிக்கொண்டிருந்தது. கோப்பையைத் தூக்கியபடியே நின்ற லமாராவின் மணிக்கட்டு வலித்தது. குராம் சத்தமில்லாமல் எழுந்து அவள் பக்கத்தில் நின்றான். சற்றுப் பொறுத்து நானுலியும் எழுந்தாள்.

கடைசியில் அர்கடி கடிகாரத்தைப் பார்த்தார். விமானத்துக்கு நேரமாகிறது என்று கையால் காட்டினார். கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்து, ஒதாரின் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"சொகுமிக்கு" என்றாள் லமாரா. ஒரே மடக்கில் குடித்தாள். குராமும் நானுலியும் குடித்தார்கள்.

ஒதார் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதாயிரம் பேரு" என்றார். "எனக்கு இனிமே அது கிடைக்காது, தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சரி, உட்காரு. சாப்பிடு."

"உங்க கோப்பை இன்னும் நிறைஞ்சிருக்கு, பாத்தோனோ" என்றாள் லமாரா. அவள் உட்காரவில்லை.