அவளுக்குக் கொடுத்த மாத்திரை

சின்னவளின் கன்னம் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வருவதைப் பெரியவளால் பொறுக்க முடியவில்லை. இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். வேலையும் ஒரே சலவைக்கூடத்தில்தான். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிவார்கள். ஒரே சட்டியில் ஆக்கியதைத்தான் இருவரும் தின்றார்கள். அப்படியிருக்க, அவள் மட்டும் எப்படித் தளதளவென்று ஆனாள்? பெரியவளுக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

சின்னவள் முகத்தில் களை வந்துவிட்டதென்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பெரியவளின் புருஷன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "தம்பி பொண்டாட்டிய நல்லா வச்சிருக்கான்," என்றான். அன்று முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.

கொழுந்தன் தனியாக ஏதோ வாங்கிக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டி, சின்னவளின் துணிகளுக்கடியில் துழாவினாள். ஒரு காகிதப் பொட்டலம் அகப்பட்டது. உள்ளே பொடிப்பொடியாய் வெள்ளை மாத்திரைகள். முட்டிவலிக்கு என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி வருவாளே, அது. பெரியவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. உடம்பு தேற்றுகிற மாத்திரை! கள்ளி, வாயே திறக்கவில்லை.

மறுநாளே அதே கடைக்குப் போய்த் தனக்கும் முட்டிவலி என்றாள். தன் ஓரகத்திக்குக் கொடுப்பதையே கொடுக்கச் சொன்னாள். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பசி பிய்த்துத் தின்றது. சில மாதங்களில் கன்னம் பூரித்தது. கண்ணாடி முன்னால் போய்ப் போய் நின்றாள். மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, பிழியும்போது சின்னவளின் கையிலிருந்து விரிப்பு நழுவியது. எடுக்கக் குந்தியவளால் எழ முடியவில்லை. மகாராணிக்குத் தூக்கிவிட ஆள் வேண்டுமோ என்று கேட்டபடியே பெரியவள் கைகொடுத்தாள். பிடித்த கை குச்சியாக இருந்தது. சேலை விலகிய வயிற்றில் கத்திரிக்காய் நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். பெரியவளின் விரல் பட்ட இடமெல்லாம் கொஞ்ச நேரத்தில் நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிடரிக்குக் கீழே திரண்டிருந்த சதை வரைக்கும் தொட்டுப் பார்த்தார். சின்னவள் நீட்டிய மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் முகம் கடுத்தார். இது ஸ்டீராய்டு என்றார். கார்டிசால் என்கிற ஹார்மோனை உடம்பே சுரக்கிறது; சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியின் வேலை அது. அளவோடு இருந்தால் நல்லது. இந்த மாத்திரை அதே வேலையை அளவு மீறிச் செய்கிறது. முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்த்து, கை காலில் தசையைக் கரைக்கிறது. தோல் மெலிகிறது, எலும்பு வலுவிழக்கிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. சிலருக்கு உடம்புக்குள் கட்டி வந்து இது தானாகவே மிகுதியாய்ச் சுரப்பதுண்டு. இவளுடையது கடையில் வாங்கிய வியாதி. குஷிங் என்று பெயர்.

"இது தேறின உடம்பு இல்லம்மா. கரையிற உடம்பு."

பெரியவள் மனசுக்குள்ளேயே தன் பொட்டலத்தைச் சாக்கடையில் வீசிவிட்டாள். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

"பயந்துபோய் சட்டுனு நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "வெளியிலேருந்து வருதேன்னு சுரப்பி தூங்கிடுச்சு. அது முழிக்கிற வரைக்கும் நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒரேயடியா விட்டா உயிருக்கே ஆபத்து."

சின்னவள் மேசையைப் பிடித்து எழுந்தாள். பெரியவள் எழவில்லை. சொன்னால் காலத்துக்கும் இவள் வாயில் விழ வேண்டும். சொல்லாவிட்டால் உயிர். கைப்பையைத் திறந்து பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"நானும் திங்கறேன்."

சின்னவள் பொட்டலத்தையும் அவள் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் முட்டிவலியே இல்லையேக்கா."

"நீ மினுமினுன்னு இருந்தியே," என்றாள் பெரியவள், சுவரைப் பார்த்து.

"இதுலயுமா போட்டி?" சின்னவள் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா, அந்த உப்பிய முகத்தில் தெரியவில்லை.

பெரியவளுக்கு இன்னும் அவ்வளவு முற்றவில்லை என்று சொல்லி, மாத்திரையைக் குறைக்கும் விதத்தையும் பரிசோதனைகளையும் ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தந்தார் டாக்டரம்மா. பெரியவள் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சின்னவளுடையது நீளமாக இருந்தது.

"அவளுக்கு எழுதின டெஸ்டையெல்லாம் எனக்கும் எழுதிடுங்க டாக்டர்," என்றாள்.