நஞ்சுண்டனின் கரடித் திட்டம்

கரடி வேட்டைக்குப் போகப்போவதாக நஞ்சுண்டன் சொன்னபோது அவன் மனைவி சாரதா நம்பவில்லை. தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தவே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிற ஆள் அவன்.

ஆனால் அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆபீஸ் நண்பன் சபரிநாதனைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க எடிசன் நகரத்திலிருந்த தன் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்து திட்டம் போட்டான். வசந்தத்தில் தூரத்து ஐடஹோ மாநிலத்து மலைக்குப் போவது. கைடு கிடையாது, எல்லாம் சொந்த முயற்சி. துப்பாக்கியும் பழைய தினுசு. ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அந்த வகை. குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் அவ்வளவுதான்.

"மறுபடி லோட் பண்றதுக்குள்ள கரடி எடிசனுக்கே வந்துடும்," என்றாள் சாரதா.

"அதுதான் த்ரில்லே."

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு அவளும் வேடிக்கை பார்க்கப் போனாள். நஞ்சுண்டன் மூச்சைப் பிடித்துக் குறிபார்த்து விசையை இழுத்தான். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அதோடு சரி.

"மருந்து போட்டியா நஞ்சு?" என்றான் சபரிநாதன்.

நஞ்சுண்டன் மருந்துக் குப்பியைத் தூக்கிப் பார்த்தான், மூடியே திறக்கவில்லை. மாட்டிக்கொண்ட குண்டை வெளியே எடுப்பதற்குள் இருவருக்கும் வேர்த்துக் கொட்டிவிட்டது. அடுத்து சாரதா, சாம்பாருக்குப் பொடி அளப்பவள்போல நிதானமாக மருந்தை அளந்து கெட்டித்துச் சுட்டாள். குறி அட்டையின் நடுவட்டத்தில் ஓட்டை விழுந்தது.

அந்த வாரமே சபரிநாதன் கரடி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டான். வேட்டைக்கான கோர்ஸை முடித்து லைசென்ஸும் வாங்கிக்கொண்டு அவன் இடத்துக்கு சாரதா வந்தாள்.

விமானத்தில் வெடிமருந்தை ஏற்ற விடமாட்டார்கள் என்பதால் அதை ஐடஹோவில் இறங்கியே வாங்கினார்கள். மலையில் முதலில் மழைதான் வந்தது. கூடாரத்தில் முடங்கிக் கிடந்தார்கள். வெயில் திரும்பியதும் எதிர்ச் சரிவில் இளம்புல் மேய ஒரு கரடி வந்தது. பின்னால் குட்டி ஏதும் வருகிறதா என்று பைனாகுலரில் நெடுநேரம் பார்த்தார்கள். வரவில்லை. தனிக் கரடி, சுடலாம்.

நஞ்சுண்டன் துப்பாக்கியை எடுத்தான். குறிபார்த்துவிட்டு அவளிடமே நீட்டினான்.

"நீயே சுடு, சாரு," என்றான்.

"நிஜமாவா? இவ்ளோ பிளான் பண்ணது நீங்க."

"குறி தப்பினா அது காயத்தோட ஓடும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

அவள் புதருக்குப் புதர் ஊர்ந்து பக்கத்தில் போனாள். வெடித்தது. புகை மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. புகை விலகியபோது கரடி ஓடைப் பள்ளத்துக்குள் உருண்டு அசையாமல் கிடந்தது. சாரதா அதன் ரோமத்தில் கை வைத்தாள்.

பிறகு அவள் மேலே பார்த்தாள். கார் மலை உச்சியில் நின்றது.

"இதை எப்படிங்க மேல கொண்டு போறது?"

காலுறை முதல் காபித் தூள் வரை யோசித்தவன் இதை யோசிக்கவே இல்லை. அப்புறம் போனில் இறக்கி வைத்திருந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து இருவரும் தோலை உரித்து இறைச்சியைப் பிரித்தார்கள். சாரதா முதுகுப்பையைத் தூக்கப் போனாள். அவன் விடவில்லை. "நீ சுட்டாச்சு, இது என் டிபார்ட்மென்ட்," என்று தானே மாட்டிக்கொண்டான். ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுது சாய்ந்தது. ஒரு தடவைகூட முனகவில்லை.

மறுநாள் காலை அடிவாரத்து டைனரில் காபிக் கோப்பையைத் தூக்க அவன் கை எழவில்லை. சாரதா எடுத்துக் கொடுத்தாள். பரிமாறிய பெண் அவர்களுடைய உடுப்பைப் பார்த்து, கரடி கிடைத்ததா, சுட்டது யார் என்று விசாரித்தாள்.

"மை வைஃப்," என்றான் நஞ்சுண்டன், நெஞ்சை நிமிர்த்த முயன்று முடியாமல். "நான் கூலிக்காரன்னு இங்கிலீஷ்ல எப்படி சொல்றது, சாரு?"