ஏழு படிக்கு ஒரு கைப்பிடி

எங்கள் குடியிருப்பில் தரைத்தளம் என்று பேர்தானே தவிர, வாசலுக்கு ஏழு படி ஏற வேண்டும். என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவள். பிடிக்க ஏதாவது இருந்தால்தான் படியில் காலை வைப்பாள்.

நான் கொத்தனார். படியோரச் சுவரில் துளை போட்டு, ஒரு குழாயைக் கைப்பிடியாகப் பதித்தேன். ஈரச் சாக்கு சுற்றி ஒரு வாரம் சிமெண்டை இறுக விட்டேன். எட்டாம் நாள் தனியாக இறங்கினாள்.

"ஊருக்கெல்லாம் கட்டுனீங்க. எனக்குன்னு கட்டுனது இது ஒண்ணுதாங்க" என்றாள்.

அடுத்த வாரமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ். பதினான்காம் விதிப்படி பொதுச்சுவரில் மாட்டியதை அகற்றவும். ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் எழுதித் தரவும்.

விதிப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டினேன். நாற்பத்தாறு வயதில் படிக்கக் கற்றவனுக்கு ஒரு பக்கம் முடிய ஒரு மாலை ஆகும். பதினான்காம் விதி விளம்பரப் பலகை, கொடிக்கயிறு, ஏசி பெட்டி பற்றியது. கைப்பிடி என்ற பேச்சே இல்லை. இருபத்திரண்டாம் விதியோ, படிகள் யாருக்கும் ஆபத்தில்லாமல் இருக்கச் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

அதையெல்லாம் எழுதினேன். மூன்று தாள் கிழிந்து நான்காவது தேறியது. அதிலும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. செயலாளர் பேங்க் மேனேஜராக இருந்தவர். அவர் முன்னால் இதை நீட்டக் கூச்சமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கெடு முடியும் முன்பே அவர் வீட்டுக்கு நேரில் போனேன்.

"உக்காருங்க மேஸ்திரி" என்று நாற்காலி போட்டார். இரண்டு விதியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கமிட்டியில சொல்றேன்" என்றார். நான் தாளை வெளியே எடுக்கவே இல்லை. எங்கள் வேலையில் இன்ஜினியர் வாயால் சொன்னால் சுவர் எழும்பும், வாயால் சொன்னால் இடியும். யாரும் எழுதிக் கேட்டதில்லை.

நோட்டீஸ் வந்த பதினைந்தாம் நாள் சங்கக் கூட்டம்.

"எழுத்துல ஆட்சேபணை எதுவும் வரல. அதனால கமிட்டி சொன்னதே முடிவு" என்றார் செயலாளர்.

"சார், உங்க வீட்டுக்கே வந்து சொன்னேனே. நாற்காலிகூடப் போட்டீங்களே!"

"வந்தீங்க, இல்லேங்கல. நானும் கமிட்டியில சொன்னேன். ஆனா பேச்சைப் பதிவு பண்ண முடியாதே."

"அந்த விதி போர்டுக்கும் ஏசிக்கும்தான் சார். கைப்பிடிக்கு எப்படிப் பொருந்தும்? எல்லாரையும் கேளுங்க, கை தூக்கட்டும்."

"ஆட்சேபணை வந்திருந்தா கேட்டிருப்போம்."

"வாசல்ல நுழைஞ்சாலே ஆஸ்பத்திரிக்குள்ள போற மாதிரி இருக்குங்க" என்றார் மாடிவீட்டு அம்மா. யாரோ சிரித்தார்கள்.

பையிலிருந்த தாளை நீட்டினேன். செயலாளர் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

"எழுத்து நல்லாத்தானே இருக்கு? பாயிண்டும் சரியா இருக்கு. அன்னிக்கே குடுத்திருக்கலாமே மேஸ்திரி. தேதி தாண்டிடுச்சே."

மறுநாள் சங்கம் அனுப்பிய வெல்டர் அறுப்பு மெஷினோடு வந்தார். கண்டபடி அறுத்தால் சுவர் பிளந்துவிடும். "நகருங்க, நானே எடுக்குறேன்" என்றேன். அரை நாள் பிடித்தது. துளைகளைப் பூசித் தேய்த்தேன். குழாய் இருந்த இடமே தெரியவில்லை என்று செயலாளர் பாராட்டினார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் மேல்படியில் முதுகைக் காட்டிக் குனிந்தேன்.

"ஏறும்மா."

"மூட்டையாங்க நான்? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். என் பொண்டாட்டியத்தான தூக்குறேன்."

நான்காம் படியில் என் முழங்கால் மடங்கியது. அவள் சுவரில் மோதி முழங்கை கிழிந்தது. "உங்க இடுப்பும் போச்சுன்னா நம்மள யாரு பாப்பாங்க?" என்றாள்.

அதற்கு அடுத்த முறை கதவருகிலேயே நின்றுவிட்டாள். "இன்னிக்கு வேணாங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு."

மூன்று நாள் இரண்டானது. இந்த வாரம் ஒன்றுதான். நாளை மறுநாள் கட்டாயம் வருகிறேன் என்கிறாள். அவள் காலை மடியில் வைத்து வீக்கத்தை அழுத்திப் பார்க்கிறேன். என் விரல் விழுந்த குழி மேலே எழும்பி வர வெகுநேரம் ஆகிறது.